சுரங்க ரயில் நிலையத்தில் ஊழியர்கள் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள்?

டிக்கெட் கேட்டுக்குப் பக்கத்தில் சீருடையோடு ஒருவர் நின்றுகொண்டிருப்பார். நீங்கள் கார்டைக் காட்டிவிட்டு உள்ளே போவீர்கள். மாலையில் திரும்பும்போது அதே இடத்தில் வேறொருவர் நிற்பார். டிக்கெட்டை இயந்திரம் கொடுக்கிறது, கதவை இயந்திரம் திறக்கிறது, அடுத்த ரயில் எப்போது வரும் என்று பலகை சொல்கிறது. அப்புறம் இவருக்கு என்ன வேலை? இந்தக் கேள்வி நிறையப் பேருக்கு வருகிறது. நியாயமான கேள்விதான்.

ஒரு விஷயத்தை முதலில் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சுரங்க நிலையம் என்பது மண்ணுக்குள் இருக்கும் ஒரு பெட்டி. ஜன்னல் கிடையாது. உள்ளே வரவும் வெளியே போகவும் சில வழிகள்தான் உண்டு. தரைக்கு மேல் இருக்கும் நிலையத்தில் கூட்டம் சேர்ந்தால் மக்கள் பக்கவாட்டில் பரவிக்கொள்வார்கள். புகை வந்தால் அது வானத்துக்குப் போய்விடும். கீழே அந்த வசதி இல்லை. மனிதர்கள் ஏறி வரும் படிக்கட்டு வழியாகத்தான் புகையும் ஏறி வரும். உக்ரைனின் கீவ் நகரத்தில் ஆர்சனல்னா என்றொரு நிலையம் இருக்கிறது. 1960இல் திறந்தது. தரையிலிருந்து 105 மீட்டர் ஆழம். எஸ்கலேட்டரில் நின்றபடியே நடைமேடைக்குப் போய்ச் சேர ஐந்து நிமிடம் வரை ஆகும். எல்லா நிலையமும் அவ்வளவு ஆழம் இல்லை, ஆனால் நிலைமை எல்லா இடத்திலும் ஒன்றுதான். மேலே சின்னதாக இருக்கும் சிக்கல் கீழே சீக்கிரம் பெரிதாகிவிடும். அது சின்னதாக இருக்கும்போதே யாராவது ஒருவர் கண்ணில் பட வேண்டும். அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர்தான் கேட் அருகில் நிற்பவர்.

கதவு திறப்பதற்கு முன்

காலை ஷிப்டுக்கு வருபவர் முதல் ரயிலுக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடுவார். வெளியே இன்னும் இருட்டாக இருக்கும். முதலில் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ப் பதிவேட்டைப் படிப்பார். இரவு ஷிப்டில் இருந்தவர் எழுதி வைத்திருப்பது அதில் இருக்கும்: எந்த லிஃப்ட் ஓடவில்லை, எங்கே தண்ணீர் கசிகிறது, எந்த விளக்கு எரியவில்லை, பழுது பார்க்கச் சொல்லியாகிவிட்டதா. இதைப் படிக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

அப்புறம் ஒரு முழுச் சுற்று. தீ எச்சரிக்கைப் பலகையில் ஏதாவது சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒலிபெருக்கி எல்லா மூலைக்கும் கேட்கிறதா, சிசிடிவி படங்கள் தெளிவாக வருகின்றனவா, அவசர வழிகள் பூட்டில்லாமல் திறக்கின்றனவா, அவற்றின் முன்னால் யாராவது பெட்டியோ ஏணியோ வைத்துவிட்டார்களா, இதெல்லாம் பார்க்க வேண்டும். நடைமேடையில் முந்தைய நாளின் குப்பை ஏதும் மிச்சம் இருக்கக் கூடாது. நிலத்தடி நீர் ஊறிக்கொண்டே இருக்கும் நிலையங்களில் அதை வெளியேற்றும் பம்புகளும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தச் சுற்றில் எஸ்கலேட்டருக்கு மட்டும் தனி மரியாதை. ஓடத் தொடங்கும் முன் அதில் யாரும் நிற்கவில்லை என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். ஓட ஆரம்பித்ததும், படிகள் மேலே போய் உள்ளே மறையும் இடத்தில் சீப்புப் பற்கள் மாதிரி ஒரு தகடு இருக்கும், அதைக் குனிந்து பார்ப்பார்கள். ஒரு பல் உடைந்திருந்தாலும் செருப்பு நுனியோ குழந்தையின் விரலோ மாட்டிக்கொள்ளலாம். கைப்பிடி படியோடு ஒரே வேகத்தில் வருகிறதா என்றும் பார்ப்பார்கள். எங்கேயாவது வழக்கத்தில் இல்லாத சத்தம் கேட்டால் அந்த எஸ்கலேட்டரை நிறுத்தித் தடுப்பு வைத்துவிடுவார்கள். பல மாதம் ஒரே நிலையத்தில் வேலை பார்த்தவருக்கு அங்கிருக்கும் ஒவ்வொரு எஸ்கலேட்டரின் குரலும் தெரியும் என்றால் அது மிகையில்லை.

எல்லாம் சரி என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஷட்டர் மேலே போகும்.

கேட் அருகில்

டிக்கெட் கேட்டில் நிற்பவரை, டிக்கெட் எடுக்காதவர்களைப் பிடிக்க நிற்பவர் என்றே பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு வேலைதான், ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. ஆபத்து நேரத்தில் இந்தக் கதவுகள் எல்லாம் உடனே திறந்தாக வேண்டும். கீழேயிருந்து நூற்றுக்கணக்கான பேர் ஏறி ஓடி வரும்போது ஒருவர்கூட கார்டைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. அதற்கென்று ஓர் அவசரப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தக் கையெட்டும் தூரத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். லண்டன் சுரங்க ரயிலில் கேட் வரிசையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் கதவுகளைத் திறந்தே வைத்துவிட வேண்டும் என்பது விதி. டிக்கெட் வருமானம் போனாலும் பரவாயில்லை என்பதுதான் அதன் பொருள். எனக்கு மிகவும் பிடித்த விதிகளில் அது ஒன்று.

மற்றபடி கேட் அருகில் நடப்பது பெரும்பாலும் பேச்சு. கார்டு வேலை செய்யவில்லை. தவறான திசையில் ஏறிவிட்டேன். இந்த மருத்துவமனைக்கு எந்தப் பக்கம் வெளியேற வேண்டும். அடுத்த கிளைக்கு எங்கே மாற வேண்டும். குழந்தை வண்டியோடும் பெரிய பெட்டிகளோடும் வருபவர்களை அகலமான கதவுக்கு அனுப்ப வேண்டும். லண்டனில் 2015இல் டிக்கெட் கவுன்டர்களை எல்லாம் மூடி, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களை வெளியே கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். டிக்கெட் விற்பது குறைந்தது. கேள்விகள் குறையவில்லை.

நெரிசல் நேரம்

இதுதான் நாளின் கடினமான பகுதி. கொஞ்சம் நின்று விளக்க வேண்டிய பகுதியும் இதுதான்.

லண்டனின் விக்டோரியா தடத்தில் நெரிசல் நேரத்தில் மணிக்கு 36 ரயில்கள் ஓடுகின்றன. அதாவது 100 வினாடிக்கு ஒரு ரயில். இந்த 100 வினாடிக்குள் ஒரு ரயில் வந்து, நின்று, ஆட்களை இறக்கி, ஏற்றி, கிளம்பி, அடுத்த ரயிலுக்கு இடம் விட வேண்டும். இப்போது மூடிக்கொண்டிருக்கும் கதவுக்குள் ஒருவர் பையை நுழைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கதவு திறந்து மறுபடி மூட இருபது வினாடி போய்விடும். அவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் பின்னால் வரும் ரயில் நிலையத்துக்குள் நுழைய முடியாமல் இருட்டுச் சுரங்கத்தில் நின்றுவிடும். அதற்குப் பின்னால் வருவதும் வேகத்தைக் குறைக்கும்.

கதை அதோடு முடிவதில்லை. தாமதமான ரயில் அடுத்த நிலையத்துக்குப் போகும்போது அங்கே வழக்கத்தைவிட அதிகம் பேர் காத்திருப்பார்கள். அவர்கள் ஏற இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். அதற்கடுத்த நிலையத்தில் இன்னும் அதிகம் பேர். இருபது வினாடி இப்படியே வளர்ந்து அரை மணி நேரத்தில் தடம் முழுக்கப் பரவிவிடும். நடைமேடையில் நின்றுகொண்டு, இறங்குபவர்களுக்கு முதலில் வழி விடுங்கள், பெட்டிக்குள்ளே தள்ளிப் போங்கள், அந்தக் கடைசிக் கதவில் இடம் இருக்கிறது அங்கே போங்கள் என்று ஓயாமல் சொல்பவர் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்த இருபது வினாடியைத்தான். ஜப்பானில் கூட்டத்தை மென்மையாக உள்ளே தள்ளிக் கதவை மூட உதவும் ஊழியர்களின் படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவர்கள் செய்வதும் இதே வேலைதான்.

சரி, ரயில்களே நின்றுவிட்டால்? எங்கோ ஒரு சிக்னல் பழுது, பத்து நிமிடமாக ரயில் இல்லை. நடைமேடை நிரம்பிக்கொண்டிருக்கிறது. ஆனால் எஸ்கலேட்டர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் நிமிடத்துக்கு நூறு பேர் போல இறக்கிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்தில் இன்னும் ஐந்நூறு பேர். நடைமேடையின் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தண்டவாளம். இதைக் கட்டுப்பாட்டு அறையில் திரையில் பார்ப்பவர் முடிவெடுக்க வேண்டும். கீழே போகும் எஸ்கலேட்டரை நிறுத்துவதா, உள்ளே வரும் கேட்டுகளை மூடுவதா, தெருவிலேயே ஷட்டரை இழுத்துவிடுவதா. முடிவைத் தாமதமாக எடுத்தால் ஆபத்து. சீக்கிரமாக எடுத்தால் மேலே நிற்பவர்களுக்குக் கோபம் வரும். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது காலியாக இருக்கும் ஒரு கூடம்தான், இங்கே இவ்வளவு இடம் இருக்கிறதே, ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இருபது மீட்டர் கீழே இருக்கிறது. அடுத்த முறை உங்களை மேலேயே நிறுத்திவைத்தால் அந்த ஊழியரிடம் சண்டை போடாதீர்கள். உங்களுக்கு முன்னால் போனவர்கள் ஓரத்திலிருந்து கீழே விழாமல் இருக்கத்தான் அவர் கையை நீட்டி மறிக்கிறார்.

எஸ்கலேட்டரை நிறுத்துவதிலும் ஒரு முறை உண்டு. சட்டென்று பொத்தானை அழுத்தினால் நிற்பவர்கள் தடுமாறி விழுவார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், நிறுத்தப் போகிறேன் என்று முதலில் உரக்கச் சொல்ல வேண்டும். யாராவது மாட்டிக்கொண்டால் மட்டும்தான் அந்த எச்சரிக்கைக்கு நேரம் இருக்காது. மாஸ்கோ மெட்ரோவில் நீண்ட எஸ்கலேட்டர்களின் அடியில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் உட்கார்ந்து அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. கூண்டின் மேல், இந்த ஊழியர் தகவல் எதுவும் சொல்ல மாட்டார் என்று எழுதியிருக்கும். படித்தால் முரட்டுத்தனமாகத் தோன்றும். யாருக்காவது வழி சொல்ல அவர் தலையைத் திருப்பும் அந்த ஐந்து வினாடியில் மேலே ஒருவர் விழலாம் என்பதுதான் காரணம்.

எஸ்கலேட்டர் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஒரு பக்கம் நிற்க வேண்டும், மறுபக்கம் நடப்பவர்களுக்கு விட வேண்டும் என்பது லண்டனில் எழுதாத சட்டம் போல. 2015இல் ஹோல்பர்ன் நிலையத்தில் ஊழியர்கள் மூன்று வாரம் பயணிகளை இரண்டு பக்கமும் நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். உயரமான எஸ்கலேட்டரில் நடந்து ஏறுபவர்கள் குறைவு என்பதால் நடக்கும் பக்கம் பாதி காலியாகவே போகிறது. இரண்டு பக்கமும் நின்றால் அதே எஸ்கலேட்டர் நெரிசல் நேரத்தில் இன்னும் அதிகம் பேரை ஏற்றியது. மக்களை அப்படி நிற்கவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

தண்டவாளத்தின் ஓரம்

நடைமேடையில் நிற்கும்போது ரயில் வருவதற்கு முன்னால் முகத்தில் காற்று அடிக்கும். சுரங்கத்துக்குள் ரயில் ஒரு பிஸ்டன் மாதிரி முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அந்தக் காற்றில் தொப்பி பறக்கும், காகிதம் பறக்கும். தொப்பி தண்டவாளத்தில் விழுந்தால் உரியவருக்கு முதலில் தோன்றுவது குதித்து எடுக்கலாம் என்பதுதான். தயவுசெய்து வேண்டாம். பல மெட்ரோக்களில் ஓடும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மின்சாரம் பாயும் மூன்றாவது தண்டவாளம் ஒன்று இருக்கும். அதில் பெரும்பாலும் 750 வோல்ட். பார்க்க வெறும் இரும்பு மாதிரிதான் இருக்கும்.

ஊழியரைக் கூப்பிட்டால் அவரிடம் மின்சாரம் கடத்தாத நீண்ட கோல் இருக்கும், நுனியில் இடுக்கி. அவரும் நினைத்தவுடன் அதை நீட்ட முடியாது. ரயில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அறையோடு பேசி, அடுத்த ரயில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அனுமதி கிடைத்த பிறகுதான் எடுப்பார். கோலுக்கு எட்டாத இடம் என்றால் இரவு மின்சாரம் நிறுத்திய பிறகு எடுத்துத் தருவார்கள். போன் விழுந்தவருக்கு இது மகா நீளமான காத்திருப்பாகத் தெரியும், புரிகிறது.

விழுந்தது பொருள் இல்லை, ஓர் ஆள் என்றால் எல்லாம் தலைகீழ். அப்போது அனுமதிக்குக் காத்திருக்க மாட்டார்கள். பல நிலையங்களில் நடைமேடைச் சுவரில் ரயிலை நிறுத்தும் அவசரப் பொத்தான் இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். நீங்கள் வழக்கமாகப் போகும் நிலையத்தில் அது எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமேடை ஊழியர் இன்னொன்றையும் கவனிப்பார். ரயில் மேல் ரயிலாக விட்டுவிட்டு ஒருவர் தனியாக நின்றுகொண்டே இருந்தால் அவர் அருகில் போவார். பெரிதாக எதுவும் கேட்க மாட்டார். ரொம்ப நேரமாக நிற்கிறீர்களே, எங்கே போக வேண்டும், தண்ணீர் குடிக்கிறீர்களா, வாருங்கள் அங்கே உட்காரலாம். இவ்வளவுதான். மனம் உடைந்து நிற்பவருக்கு ஒரு சாதாரணப் பேச்சு அந்த நேரத்தைக் கடத்திவிடும். பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பு ரயில் ஊழியர்களுக்கு இதற்கென்றே பயிற்சி தருகிறது. இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லா வேலைகளிலும் மிகப் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன். இது எந்தச் செய்தியிலும் வராது.

ஜப்பானிய ஊழியர்கள் ரயில் கிளம்பும்போது விரலை நீட்டிச் சிக்னலைக் காட்டி, பார்த்ததை வாய்விட்டுச் சொல்வதைக் கவனித்தால் வேடிக்கையாகத் தோன்றலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீராவி எஞ்சின் ஓட்டியவர்களிடம் தொடங்கிய பழக்கம் அது. ஒரே வேலையை நாளுக்கு இருநூறு முறை செய்யும்போது கண் பார்க்கும், மனம் பார்க்காது. கையும் வாயும் சேர்ந்தால் மனம் வந்தே ஆக வேண்டும். நியூயார்க்கில் 1996 முதல் நடத்துநர்கள் நடைமேடையின் நடுவில் தொங்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைப் பலகையை விரலால் சுட்டிக் காட்டிய பிறகே கதவைத் திறக்கிறார்கள். பலகை நேர் எதிரே இருந்தால் ரயில் முழுவதும் நடைமேடைக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

துணைக்கு ஒரு முழங்கை

கண் தெரியாத ஒருவர் கேட் அருகில் வந்து உதவி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி பெற்ற ஊழியர் அவர் கையைப் பிடித்து இழுக்க மாட்டார். தன் முழங்கையை நீட்டுவார், அவர் பிடித்துக்கொள்வார், ஊழியர் அரை அடி முன்னால் நடப்பார். இழுத்துக்கொண்டு போனால் அடுத்த அடி எங்கே என்று தெரியாது. முழங்கையைப் பிடித்திருந்தால் முன்னால் போகிறவர் உடம்பு இறங்குவதும் ஏறுவதும் கைக்குத் தெரியும். படி தொடங்குகிறது, இறங்கும் படி. எஸ்கலேட்டரா லிஃப்டா, எது வசதி? இப்போது நடைமேடை, ரயில் இடப்பக்கம் வரும். இப்படிச் சொல்லிக்கொண்டே போவார்.

ரயிலில் ஏற்றிவிட்டதும் வேலை முடியவில்லை. உடனே அவர் இறங்கும் நிலையத்துக்கு போன் போகும்: இந்த ரயில், மூன்றாவது பெட்டி, இரண்டாவது கதவு, கையில் வெள்ளைக் கோல். அங்கே ஒருவர் ரயில் வருவதற்கு முன்பே அந்தக் கதவு நிற்கும் இடத்தில் காத்திருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் என்றால் கையில் சரிவுப் பலகையும் இருக்க வேண்டும். இந்த ஒரு போன் மறந்துபோனால் அவர் இறங்க முடியாமல் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவார். சின்ன வேலை மாதிரி இருக்கும், சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அவ்வளவுதான்.

நடைமேடையில் ஓரமாக ஓடும் புடைப்புள்ள மஞ்சள் கற்களையும் இங்கே சொல்ல வேண்டும். ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் 1965இல் வடிவமைத்தது. 1967இல் ஒகயாமா நகரத்தில் பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே முதலில் பதித்தார்கள். காலால் தொட்டுப் படிக்கிற எழுத்து அது. அதன் மேல் பெட்டியை வைத்துவிட்டு நிற்பவர்களிடம் ஊழியர்கள் தள்ளி வைக்கச் சொல்வது அதனால்தான்.

மயங்கி விழுபவர்களும் தினம் உண்டு. காலையில் சாப்பிடாமல் கிளம்பி, நெரிசலில், வெக்கையில் நின்றால் தலை சுற்றும். யாருக்காவது அப்படி ஆனால், ரயில் சுரங்கத்தின் நடுவில் இருக்கும்போது அவசரக் கம்பியை இழுக்காமல் அடுத்த நிலையம் வரை போவது நல்லது. சுரங்கத்துக்குள் உதவி வந்து சேர நேரமாகும். நிலையத்தில் முதலுதவி தெரிந்தவரும் காற்றும் உட்கார இடமும் இருக்கும்.

கேட்பாரற்ற பை

ஒரு பெஞ்சின் கீழ் ஒரு பை. அருகில் யாரும் இல்லை. ஒவ்வொரு பைக்கும் நிலையத்தை மூடினால் ஊர் ஓடாது. எதையும் கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரு நாள் அது பெரும் தவறாகும். இந்த இடத்தில் பிரிட்டனின் ரயில் ஊழியர்கள் தங்களையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளப் பழகியிருக்கிறார்கள். வேண்டுமென்றே மறைத்து வைத்த மாதிரி இருக்கிறதா? வயர், திரவம், டேப் சுற்றல் என்று பார்த்த உடனே சந்தேகம் வருகிற மாதிரி இருக்கிறதா? இந்த இடத்தில் வழக்கமாக மறந்துவிட்டுப் போகும் பொருள்தானா? பெஞ்சில் வெளிப்படையாகக் கிடக்கும் பள்ளிப் பை வழக்கமான பொருள். அதில் சீட்டு கட்டி, எந்த இடத்தில் எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று எழுதி அறையில் வைப்பார்கள். தீயணைப்புக் கருவிக்குப் பின்னால் செருகி வைத்த பை அப்படியில்லை. அதைத் தொடாமல் ஆட்களை விலக்கிக் காவல்துறையைக் கூப்பிடுவார்கள்.

1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் என்ற நச்சு வைக்கப்பட்டபோது, கசுமிகசெகி நிலையத்தில் ஊழியர்கள் அந்தப் பொதியைப் பெட்டியிலிருந்து அகற்றித் தரையைத் துடைத்தார்கள். அது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. பயணிகள் ஏறும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். அவர்களில் இரண்டு பேர் இறந்துபோனார்கள்.

புகை வாசனை

சுரங்க நிலைய ஊழியர்களின் வேலை இன்று இந்த வடிவத்தில் இருப்பதற்குப் பெரிய காரணம் ஒரு தீவிபத்து. 1987 நவம்பர் 18, லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையம், மாலை ஏழரை மணி. மரத்தால் ஆன எஸ்கலேட்டரின் இடுக்கில் எரியும் தீக்குச்சி ஒன்று விழுந்திருக்கிறது. அடியில் பல வருடம் சேர்ந்த கிரீஸும் காகிதத் துணுக்கும் தூசும். பயணி ஒருவர் தீயைப் பார்த்துச் சொன்னபோது அது சின்னது. தீயணைப்பு வீரர்கள் வந்து பார்த்தபோதும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி எரிகிற அளவுதான். முதல் தகவல் வந்து ஏறக்குறைய பதினைந்து நிமிடத்தில் தீ எஸ்கலேட்டரின் பள்ளத்தையே புகைபோக்கி போலப் பிடித்து மேலே பாய்ந்து டிக்கெட் கூடத்தை நிரப்பிவிட்டது. 31 பேர் இறந்தார்கள்.

எஸ்கலேட்டரின் அடியில் தண்ணீர்த் தூவல் கருவி இருந்தது. யாரும் அதைத் திறக்கவில்லை, ஏனென்றால் அதை இயக்க ஊழியர்களுக்குப் பயிற்சி தரப்படவில்லை. சின்னத் தீ வழக்கமானது, அணைந்துவிடும் என்ற எண்ணம் நிர்வாகத்தில் ஊறியிருந்தது. 1988இல் வந்த விசாரணை அறிக்கை 157 பரிந்துரைகளைச் செய்தது. அதன் பிறகு 1989இல் வந்த விதிகள், சுரங்க நிலையம் திறந்திருக்கும் நேரமெல்லாம் குறைந்தது இரண்டு ஊழியர்களாவது இருக்க வேண்டும், அவர்களுக்குத் தீ பற்றிப் பயிற்சி இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. ஆட்குறைப்பு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்த இரண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இன்று எச்சரிக்கை மணி முதலில் கட்டுப்பாட்டு அறையில் கேட்கும். லண்டனில் அப்போது ஒலிபெருக்கியில் இன்ஸ்பெக்டர் சாண்ட்ஸ் உடனே அறைக்கு வரவும் என்று ஓர் அறிவிப்பு வரும். அப்படி ஒருவர் கிடையாது. பயணிகளைப் பதற வைக்காமல் ஊழியர்களுக்குச் சொல்லும் குறிப்பு அது. ஒருவர் ஓடிப்போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் பார்த்துச் சொல்லாவிட்டால் நிலையத்தைக் காலி செய்யும் அறிவிப்பு தொடங்கிவிடும். காலி செய்வது என்றால் லிஃப்டை நம்பக் கூடாது, கேட்டுகளைத் திறந்துவிட வேண்டும், வரும் ரயில்களை நிற்காமல் போகச் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னது எவ்வளவு முக்கியம் என்பதைத் தென்கொரியாவின் தேகு நகரம் காட்டியது. 2003 பிப்ரவரி 18 அன்று ஜுங்காங்னோ நிலையத்தில் ஒரு ரயிலுக்கு ஒருவர் தீ வைத்தார். அது எரிந்துகொண்டிருக்கும்போதே எதிர்த்திசை ரயில் அதே நிலையத்துக்குள் வந்து நின்றது. 192 பேர் இறந்தார்கள், அதிகம் பேர் இரண்டாவதாக வந்த ரயிலில்.

ஓட்டுநர் இல்லாத ரயில்கள் வந்துவிட்டன. பாரிஸின் 14ஆம் தடம் 1998இல் திறந்ததிலிருந்தே அப்படித்தான் ஓடுகிறது. அங்கும் நிலையங்களில் ஊழியர்கள் இருக்கிறார்கள். கருகும் வாசனை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மூக்கால் தேடிப் போக ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

கடைசி ரயிலுக்குப் பிறகு

இரவு வேலை முடிப்பது காலையில் தொடங்கியதைவிட மெதுவாக நடக்கும். கடைசி ரயில்கள் வரும் நேரத்தை அடிக்கடி அறிவிப்பார்கள், ஒன்றைத் தவற விட்டால் வேறு வழியில்லை என்பதால். கடைசி ரயில் போனதும் நடைமேடையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடப்பார்கள். பெஞ்சில் தூங்குபவரை எழுப்புவார்கள். கழிப்பறை, லிஃப்ட், இணைப்புப் பாதைகள், திருப்பங்கள், எல்லா இடமும் பார்த்த பிறகுதான் ஷட்டர் இறங்கும். நியூயார்க் போல இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் ஊர்களில் இந்த இடைவெளியே கிடையாது. அங்கே பராமரிப்பு வேலையை ஓடும் ரயில்களுக்கு நடுவில்தான் பார்த்தாக வேண்டும்.

மற்ற ஊர்களில் அந்தச் சில மணி நேரம் வேறு ஆட்களுக்குச் சொந்தம். தண்டவாளம் பார்ப்பவர்கள், கேபிள் பார்ப்பவர்கள், சுவர் பூசுபவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக வந்து நிலைய ஊழியரிடம் அடையாள அட்டையைக் காட்டி, எங்கே போகிறோம், எத்தனை பேர், என்ன வேலை என்று பதிந்து கையெழுத்துப் போடுவார்கள். லண்டனில் சுரங்கத்தைச் சுத்தம் செய்யவென்றே ஒரு குழு உண்டு. நாள் முழுக்க ரயில்கள் தள்ளும் காற்று அள்ளிக்கொண்டு போய் உள்ளே சேர்த்த தலைமுடியையும் துணி நூலையும் தூசையும் அவர்கள் துடைப்பத்தாலும் கையாலும் வாரி எடுப்பார்கள். அப்படியே விட்டால் அதுவே தீப்பிடிக்கும்.

மின்சாரம் நின்றுவிட்டது என்று உறுதி செய்த பிறகே ஒருவர் காலை கீழே வைப்பார். வேலை முடிந்து ஒவ்வொருவராக மேலே ஏறி வருவார்கள். நிலைய ஊழியர் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு பெயர் பெயராக விரலை வைத்துப் பார்ப்பார். உள்ளே போன அத்தனை பேரும் வெளியே வந்தாகிவிட்டதா, கொண்டுபோன ஏணியும் சுத்தியலும் திரும்பி வந்துவிட்டனவா? ஒரு பெயருக்கு நேராகக் கையெழுத்து இல்லையென்றால் அந்த ஆளைக் கண்ணால் பார்க்கும் வரை தண்டவாளத்துக்கு மின்சாரம் வராது.